மாலை ரேஸ்: ஒன்றாகப் புறப்படுவதா, ஒன்றாக முடிப்பதா?

வாரம் ஒரு மாலை பாய்மரப் படகு ரேஸ் நடத்தலாம் என்று கிளப்பில் பேச்சு எழுந்தால், முதலில் எந்தக் கிழமை என்று கேட்பார்கள். அது ஒரு கூட்டத்திலேயே தீர்ந்துவிடும். இழுத்துக்கொண்டே போவது அடுத்த கேள்விதான். வேகமான படகும் மெதுவான படகும், புதுசும் பழசும் கலந்து கிடக்கிற கிளப்பில் யார் ஜெயித்தார் என்பதை எப்படி முடிவு செய்வது?

வழிகள் மூன்று. ஒரே ரகப் படகுகளை மட்டும் ஓடவிடலாம். எல்லாரையும் ஒரே ஹாரனில் அனுப்பிவிட்டு, அவரவர் எடுத்துக்கொண்ட நேரத்தை, படகு ரகத்தின் வேகத்தைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணால் பிறகு திருத்தலாம். அல்லது மெதுவான படகை முதலிலும் வேகமான படகைக் கடைசியிலும் அனுப்பி, குறித்த நேரம் முடியும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவரே வென்றவர் என்று சொல்லிவிடலாம். இந்த மூன்றாவதைப் பர்சூட் ரேஸ் என்பார்கள். எங்கள் கிளப் இரண்டாவது வழியில் தொடங்கி மூன்றாவதற்கு வந்தது. நான் இப்போது மூன்றாவதின் கட்சி. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

முதல் வழியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. உங்கள் கிளப்பில் ஒரே ரகப் படகு எட்டு, பத்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே ஓட்டுங்கள். முதலில் கோட்டைக் கடந்தவர் முதல்வர், அவ்வளவுதான். எண்ணும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம். ஆனால் பெரும்பாலான கிளப்புகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவரவர் கையிருப்புக்கும் உடம்புக்கும் ஏற்ப வாங்கிய படகுகள்தான் கரையில் வரிசையாக நிற்கும். எல்லாரும் ஒரே ரகத்துக்கு மாறுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் மறுவாரம் வரமாட்டார்கள். ஆகவே உண்மையான போட்டி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்தான்.

ஹேண்டிகேப் முறை எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சிறிய படகுகளுக்கு உலகில் பரவலாகப் புழங்குவது போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் அதைத் தேசிய அளவில் ஏற்றுக்கொண்டது. கிளப்புகள் அனுப்பும் ரேஸ் முடிவுகளை வைத்து இன்றும் ஆண்டுதோறும் எண்களைத் திருத்தி வெளியிடுகிறது. ஒவ்வொரு ரகப் படகுக்கும் ஓர் எண் உண்டு. எண் பெரிதானால் படகு மெதுவானது. தோராயமாகச் சொன்னால் ஆப்டிமிஸ்ட் 1640, டாப்பர் 1365, லேசர் 1100, ஃபயர்பால் 955. ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி இந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் வந்துவிடும்.

ஃபயர்பால் 44 நிமிடத்தில் முடிக்கிறது, லேசர் 50-இல், டாப்பர் 61-இல் என்று வைத்துக்கொள்வோம். திருத்திய நேரம் முறையே 2764 விநாடி, 2727 விநாடி, 2681 விநாடி. அதாவது எல்லாருக்கும் கடைசியாக வந்த டாப்பர்தான் வென்றது. ஆனால் டாப்பரை ஓட்டிய சிறுவனுக்கு அது எப்போது தெரிகிறது? படகைக் கழுவி, பாயைச் சுருட்டி, துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு. தண்ணீரில் இருந்தவரை அவன் பார்த்ததெல்லாம் மற்றவர்களின் முதுகைத்தான்.

பர்சூட்டிலும் அதே எண்கள்தான், அதே வகுத்தல்தான். ஆனால் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுகிறோம். ரேஸ் 60 நிமிடம் என்றும் ஆப்டிமிஸ்ட்தான் எல்லாவற்றிலும் மெதுவான படகு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆப்டிமிஸ்ட் பூஜ்ஜியத்தில் புறப்படும். மற்ற படகு ஒவ்வொன்றும் எவ்வளவு தாமதமாகப் புறப்பட வேண்டும் என்பதற்கு, அதன் எண்ணை 1640-ஆல் வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்து, அறுபதால் பெருக்க வேண்டும். டாப்பருக்கு 10 நிமிடம், லேசருக்குக் கிட்டத்தட்ட 20, ஃபயர்பாலுக்கு 25. எல்லாரும் தங்கள் எண்ணுக்குச் சமமான திறமையோடு ஓட்டினால், 60-ஆம் நிமிடத்தில் எல்லாப் படகுகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் ஒரே இடத்தில் இருக்காது, ஆனால் நெருங்கி இருக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஃபயர்பால் லேசரைத் துரத்த, லேசர் டாப்பரைத் துரத்த, ஆப்டிமிஸ்ட்டில் இருக்கும் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டும். யார் எந்த இடம் என்பது கண்ணுக்கே தெரியும்.

விறுவிறுப்பைத்தான் பர்சூட்டுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். நாங்கள் மாறியதற்குக் காரணம் டியூட்டி, அதாவது கரையில் உட்கார்ந்து ரேஸை நடத்திக்கொடுக்கும் வேலை.

கரையில் யார் உட்காருவது?

வாரா வாரம் நடக்கும் ரேஸைக் காற்று நிறுத்துவதைவிட, டியூட்டிக்கு ஆள் கிடைக்காமல் நிற்பதுதான் அதிகம். ஆண்டுக்கு ஒரு பெரிய ரெகாட்டா (படகுப் போட்டித் திருவிழா) என்றால் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒவ்வொரு வாரமும், வேலை முடிந்து களைத்து வந்த ஒரு மாலையில், மற்றவர்கள் தண்ணீருக்குப் போக நீங்கள் மட்டும் கையில் நோட்டோடு உட்காருங்கள் என்றால் எத்தனை பேர் இசைவார்கள்? முதல் மாதம் இசைவார்கள். பிறகு டியூட்டிப் பட்டியலில் பெயர் இருக்கிற வாரத்தில் மட்டும் சிலருக்கு உறவினர் வீட்டு விசேஷம் வந்துவிடும்.

ஹேண்டிகேப் ரேஸில் அந்த நோட்டுக்காரரின் வேலை லேசானது அல்ல. புறப்பாடு சுலபம், உலகப் பாய்மர அமைப்பின் விதிப்படி ஸ்டார்ட்டுக்கு ஐந்து நிமிடம் முன் எச்சரிக்கை, நான்கு நிமிடம் முன் தயார்நிலை, ஒரு நிமிடம் முன் தயார்நிலைக் கொடி இறக்கம், பிறகு ஸ்டார்ட். கொடிதான் கணக்கு, ஹாரன் ஒலிக்காமல் போனாலும் கொடி விழுந்த நேரமே செல்லும். இதை யாரும் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். தலைவலி அதற்குப் பிறகு. எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் கோட்டை நோக்கிப் பாயும்போது முந்திப் போனது யார் என்று பார்க்க வேண்டும். ஓரிருவர் என்றால் எக்ஸ் கொடியும் ஒரு ஹாரனும் போதும். பாதிக் கூட்டமே முந்திவிட்டால் முதல் மாற்றுக்கொடியை ஏற்றி, இரண்டு ஹாரன் அடித்து, எல்லாரையும் திருப்பி அழைக்க வேண்டும். அந்தக் கொடியை இறக்கி ஒரு நிமிடம் கழித்துத்தான் அடுத்த எச்சரிக்கை. ஆக, ஒரு பொது அழைப்புக்கு ஆறு நிமிடத்துக்குக் குறையாமல் போய்விடும். பகல் ரேஸில் ஆறு நிமிடம் ஒன்றுமே இல்லை. பொழுது சாயும் மாலையில் அது பெரிய செலவு.

பிறகு சுற்று எண்ணுவது. வேகமான படகு நான்காவது சுற்றில், மெதுவான படகு மூன்றாவதில், இன்னொன்று கவிழ்ந்து நிமிர்ந்து எத்தனையாவது சுற்று என்று அதற்கே தெரியாத நிலையில். எல்லாம் ஒரே கோட்டை ஒரே திசையில் கடக்கின்றன. பாய் எண்ணைப் படிக்கலாம் என்றால் எதிர்வெயில், அல்லது பாய் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு படகின் சுற்றை ஒன்று குறைத்து எழுதிவிட்டால் அன்றைய முடிவே தலைகீழ். ஒருவர் நேரம் சொல்ல, ஒருவர் எழுத என்று இரண்டு பேராவது வேண்டும். மூன்றாவது ஆள் இருந்தால் நிம்மதி.

மெதுவான படகுகள் இருட்டும்வரை சுற்றிக்கொண்டிருக்காமல் இருக்கச் சராசரிச் சுற்று முறை என்று ஒன்று இருக்கிறது. எல்லாரையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிக்கவைத்து, குறைந்த சுற்று ஓடியவருக்கு விகிதத்தில் கூட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் மூன்று சுற்று ஓட, ஆப்டிமிஸ்ட் 50 நிமிடத்தில் இரண்டு சுற்று ஓடினால், மூன்று சுற்றுக்கு 75 நிமிடம் என்று வைத்துக்கொண்டு திருத்தினால் 2744 விநாடி. நல்ல தந்திரம்தான், இதைக் குறை சொல்ல மாட்டேன். ஹேண்டிகேப்பை விடாமல் வைத்துக்கொள்ள நினைக்கும் கிளப் இதையாவது செய்ய வேண்டும். ஆனால் சுற்று எண்ணும் சுமை இதில் இன்னும் கூடத்தான் செய்கிறது.

பர்சூட்டில் இந்தக் கணக்கு வேலை மறைந்துவிடுவதில்லை. இடம் மாறுகிறது. சீசன் தொடங்கும் முன், கணக்கில் ஆர்வம் உள்ள ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, கிளப்பில் இருக்கும் எல்லா ரகங்களுக்கும் புறப்படும் நிமிடத்தை எழுதி, அட்டையில் லேமினேட் செய்து கரையில் மாட்டிவிடுகிறார். ரேஸ் நாளில் டியூட்டியில் இருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு ஹாரன் அடித்து, பலகையில் அந்த நிமிடத்தின் எண்ணைத் தூக்கிக் காட்ட வேண்டும். என் படகுக்குப் பத்து என்றால் பத்து தெரிந்ததும் நான் புறப்படுவேன். ஒரு நிமிடத்தில் புறப்படுவது ஓரிரு படகுதான் என்பதால் முந்திப் போனவரைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். பொது அழைப்பு என்ற பேச்சே கிடையாது.

இதன் பலன் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. ரேஸ் ஓட்டத் தெரியாதவர்களும் டியூட்டிக்கு வரத் தொடங்கினார்கள். சுக்கான் உடைந்து படகு பழுதாகிக் கிடக்கிறவர், பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தாய், போன வாரம் சேர்ந்த உறுப்பினர் என்று யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையைத் தூக்கலாம். முன்பெல்லாம் டியூட்டிக்கு அனுபவசாலிகளைத்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதாவது ரேஸ் ஓட்ட அதிகம் ஆசைப்படுகிறவர்களையே கரையில் கட்டிப்போட வேண்டியிருந்தது. அந்த முடிச்சு அவிழ்ந்தது. கரையில் யாருமே இல்லாத மாலையில்கூட, அவரவர் கைக்கடிகாரத்தை ஒன்றுபோல் வைத்துக்கொண்டு நாணயத்தின் பேரில் புறப்படலாம். கோட்டின் இரு முனையும் நிலையான கம்பமும் மிதவையுமாக இருந்தால் போதும்.

ஆனால் பாதுகாப்புப் படகில் மட்டும் கைவைக்காதீர்கள். ஓட்ட ஒருவர், தண்ணீரில் இறங்கத் தயாராக ஒருவர் என்று எப்போதும் இரண்டு பேர். பர்சூட்டில் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் புறப்படுவது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், புதியவர்கள். ஹாரனும் பாதுகாப்பும் ஒரே படகில் இருக்கட்டும் என்று ஆள் மிச்சம் பிடிக்கப் பார்த்தால், அந்தப் படகு ஸ்டார்ட் கோட்டில் நங்கூரம் போட்டுக் கிடக்கிற 25 நிமிடமும், அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் தூரத்து மிதவையில் தனியாக இருப்பார்கள். பலகை கரையில் இருக்கட்டும். பாதுகாப்புப் படகு முதல் ஹாரனோடு தண்ணீருக்குள் போய்விட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். தாமதமாகப் புறப்படுகிறவர்கள் கோட்டருகே மிதந்துகொண்டிருக்கும்போதே, ஏற்கனவே ரேஸில் இருப்பவர்கள் ஒரு சுற்று முடித்துத் திரும்பி வந்துவிடுவார்கள். ரேஸில் இல்லாத படகு, ரேஸில் உள்ள படகுக்கு இயன்றவரை இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது விதி. விதி இருந்தாலும், ஸ்டார்ட் கோட்டைச் சுற்றுப்பாதைக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டால் சண்டையே வராது.

சாகிற காற்று

மாலை ரேஸ் என்றாலே காற்று ஒரே சீராக இருக்காது. கடலோரமாக இருந்தால், பகலில் சூடேறிய நிலம் இழுத்துவரும் கடற்காற்று பிற்பகலில் உச்சத்துக்குப் போய், நிலம் ஆறத் தொடங்கியதும் தளரும். ஏரியிலும் வெயிலை நம்பி வீசும் காற்று பொழுது சாய்ந்தால் படுத்துவிடும். வாரா வாரம் வரும் நிலவரம் இது. எனவே எந்த முறை நல்லது என்பதைக் காற்று குறைந்துகொண்டே போகும் ரேஸில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹேண்டிகேப் ரேஸில் காற்று பாதியில் தளர்ந்தால் வேகமான படகு அதற்குள் முடித்துவிட்டிருக்கும். மெதுவான படகின் கடைசிச் சுற்று கண்ணாடி போன்ற தண்ணீரில். அந்த ஒரு சுற்றுக்கு மட்டும் கால் மணி நேரம் கூடுதலாக ஆகும். எந்த எண்ணும் இதைத் திருத்தாது, ஏனென்றால் எண் ரேஸ் முழுக்க ஒரே காற்று என்று நம்பிக்கொண்டிருக்கிறது. மெதுவான படகுக்காரர் திறமையால் தோற்கவில்லை, பொழுது சாய்ந்ததால் தோற்றார்.

பர்சூட்டில் இது அப்படியே தலைகீழ். மெதுவான படகு நல்ல காற்று இருக்கும்போதே புறப்பட்டுத் தூரத்தைச் சேர்த்துவைத்துவிடும். வேகமான படகின் 35 நிமிடத்தில் பெரும்பங்கு தளர்ந்த காற்றில் கழியும். ஆகவே பர்சூட் மாலையில் மெதுவான படகின் பக்கம் சாய்கிறது. இதை மறைத்துப் பயனில்லை. ஃபயர்பால் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் சொல்லாத வாரம் இல்லை. என் பதில்: இரண்டு முறையும் ஒரு பக்கம் சாயத்தான் போகின்றன என்றால், அடுத்த வாரம் வருவாரா மாட்டாரா என்ற சந்தேகம் இருப்பவர் பக்கம் சாயட்டும். வேகமான படகு வாங்கியவர் எப்படியும் வருவார்.

ஆனால் பர்சூட்டுக்கு ஒரு நிஜமான பலவீனம் உண்டு, அதை மழுப்பக் கூடாது. இந்த ரேஸைப் பாதியில் வெட்ட முடியாது. ஹேண்டிகேப்பில் காற்று படுத்தால் எஸ் கொடியை ஏற்றி இரண்டு ஹாரன் அடித்து, அடுத்த மிதவையிலேயே ரேஸை முடித்துக்கொள்ளலாம், முடிவு செல்லும். பர்சூட்டில் அறுபது நிமிடத்துக்குப் போட்ட அட்டவணையை 45-ஆம் நிமிடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஆப்டிமிஸ்ட் 45 நிமிடம் ஓடியிருக்கும், லேசர் 25, ஃபயர்பால் 20. எல்லாரும் சமத் திறமையோடு ஓட்டியிருந்தாலும், ஆப்டிமிஸ்ட் போன தூரத்தில் லேசர் சுமார் 84 சதவீதம், ஃபயர்பால் சுமார் 76 சதவீதம்தான் போயிருக்கும். பிடிக்கவே நேரம் தராமல் துரத்தலை நிறுத்திவிட்டோம். அந்த முடிவை அறிவித்தால் கிளப்பில் கலவரம்தான். அதனால் பர்சூட்டில் காற்று முற்றிலும் படுத்துவிட்டால் நான் ஏற்றுவது எஸ் கொடி அல்ல, நேராக 'N' எழுத்துக் கொடி: மூன்று ஹாரன், ரேஸ் ரத்து. இதை முன்பே ரேஸ் அறிவிப்பில் எழுதிவையுங்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவது. ஹாரன் எப்போது தொடங்குவது என்று யோசிக்காமல், எப்போது முடிய வேண்டும் என்று முதலில் வையுங்கள். சூரியன் மறைய அரை மணி முன்னால் முடிவு. அங்கிருந்து அறுபது நிமிடம் பின்னால் போனால் முதல் ஹாரன். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், அங்கே சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் வெளிச்சம் போய்விடும். உயர்ந்த அட்சரேகைகளில் கோடை அந்தி நீண்டு கிடக்கும், அவர்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு அறுபது நிமிடம் கூட அதிகம் என்றால் 45 நிமிட அட்டவணையும் ஒன்று தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய காற்றைப் பார்த்து முதல் ஹாரனுக்கு முன் எந்த அட்டவணை என்று சொல்லிவிட்டால் போதும். முதல் படகு புறப்பட்ட பிறகு மாற்றவே கூடாது.

முடிவு நேரம் கடிகாரத்தில் இருப்பதால் வரும் இன்னொரு லாபம் பாதுகாப்பு. ஹேண்டிகேப்பில் முடித்தவர்கள் கரைக்குத் திரும்ப, முடிக்காதவர்கள் தூரத்து மிதவையில் இருக்க, பாதுகாப்புப் படகு இரண்டுக்கும் நடுவே அல்லாடும். அதுவும் வெளிச்சம் குறைகிற நேரத்தில். பர்சூட்டில் அந்த நேரத்தில் எல்லாப் படகுகளும் அருகருகே வந்துவிட்டிருக்கும், எல்லாம் ஒன்றாகத் திரும்பும். எண்ணிப் பார்த்துக் கரையேற்றுவதும் சுலபம்.

முடிவைக் குறிப்பது

பர்சூட்டில் எங்களுக்கு ஆரம்பத்தில் சிக்கல் வந்தது இங்கேதான். நேரம் முடிந்ததும் ஹாரன் அடிக்கிறோம். அந்தக் கணத்தில் யார் எங்கே என்று குறிக்க வேண்டும். ஒரு டியூட்டிப் படகு முன்னணியிலிருந்து பின்னோக்கி, இன்னொன்று கடைசியிலிருந்து முன்னோக்கிப் போய், பாய் எண்களை எழுதிக்கொண்டு நடுவில் சந்திப்பது வழக்கம். காற்றின் போக்கிலோ குறுக்கிலோ ஓடும் கட்டத்தில் இது பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் எல்லாம் வரிசையாக இருக்கும். காற்றை எதிர்த்து ஏறும் கட்டத்தில் ஒரு படகு இடது ஓரத்தில், இன்னொன்று வலது ஓரத்தில் வெட்டி வெட்டி ஏறிக்கொண்டிருக்கும். யார் முன்னால் என்று கண்ணால் சொல்ல முடியாது. சொன்னால் இன்னொருவர் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

நாங்கள் கடைசியில் கைக்கொண்டது எளிய வழி: நேரம் முடிந்த பிறகு முன்னணிப் படகு சுற்றும் அடுத்த மிதவையே எல்லாருக்கும் முடிவுக்கோடு. அந்த மிதவையில் பாதுகாப்புப் படகு போய் நிற்கும், கையில் போனை வைத்து வீடியோ எடுக்கும், வருகிற வரிசையே முடிவு. ஒரு சுற்று பின்தங்கியவர்களை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். கணக்கின்படி பார்த்தால் வேகமான படகுக்கு ஓரிரு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது. அது காற்று தளரும்போது அவர்கள் இழப்பதில் கொஞ்சத்தைத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்கிறோம்.

ஹேண்டிகேப் எங்கே நல்லது

மூன்று இடங்களில் நானே ஹேண்டிகேப்பைத்தான் சொல்வேன். ஒன்று, ஒரே மாலையில் இரண்டு குட்டி ரேஸ் நடத்த வேண்டும் என்றால். பர்சூட்டில் புறப்பாடே 25 நிமிடம் இழுக்கும்போது இரண்டாவது ரேஸுக்கு இடமில்லை. இரண்டு, வெளியூர் போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கிறவர்கள் இருந்தால். நெரிசலான கோட்டில் இடம் பிடித்து, வேகத்தோடு சரியான விநாடியில் கடப்பது தனிக் கலை. பர்சூட்டில் தனியாளாகப் புறப்படுகிறவருக்கு அது கைவராது. இதற்காக மாதத்தில் ஒரு வாரத்தை ஒன்றாகப் புறப்படும் ரேஸுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அந்த வாரத்துக்கு மட்டும் அனுபவசாலி ஒருவரை டியூட்டிக்குப் பிடித்துவிடுகிறோம்.

மூன்றாவது, படகுகளின் வேக வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால். 49er (ஃபார்ட்டி-நைனர்) போன்ற அதிவேகப் படகின் எண் 700-க்கு அருகில். ஆப்டிமிஸ்ட்டோடு அதைச் சேர்த்தால் அது 34 நிமிடத்துக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டும். ஓடுவது வெறும் 26 நிமிடம். அவர் எதற்கு வருவார்? இரண்டு கூட்டமாகப் பிரித்துத் தனித்தனி அட்டவணை வைப்பதுதான் வழி.

எண்களைப் பற்றிய பொதுவான புகார் ஒன்று உண்டு, அது இரண்டு முறைக்கும் பொருந்தும். தண்ணீரைக் கிழித்து எழும்பிச் சறுக்கும் படகு பலத்த காற்றில் தன் எண்ணைவிட நன்றாகவும், மந்தக் காற்றில் மோசமாகவும் ஓடும். ஒற்றை எண் அதைப் பிடிக்காது. அமெரிக்காவில் புழங்கும் போர்ட்ஸ்மவுத் முறையில் காற்றின் பலத்துக்கு ஏற்ப வெவ்வேறு எண்கள் உண்டு. மாலை ரேஸுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையா என்பது உங்கள் விருப்பம். நான் அதில் இறங்கமாட்டேன்.

அடியில் கீல் என்ற கனமான நிலைத்தகடு வைத்த பெரிய படகுகளில் என் அனுபவம் குறைவு, ஆகவே இந்தப் பத்தியை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். அங்கே பி.எச்.ஆர்.எஃப். (PHRF) என்ற ஹேண்டிகேப் முறையில் ஒரு கடல் மைலுக்கு இத்தனை விநாடி என்று சலுகை தருவார்கள். தூரம் முன்பே தெரியும் என்பதால், மிக மெதுவான படகின் சலுகைக்கும் ஒவ்வொரு படகின் சலுகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தூரத்தால் பெருக்கி அதையே புறப்படும் தாமதமாக வைத்துவிட்டு, முதலில் கோட்டைக் கடப்பவரே வென்றவர் என்று சொல்லிவிடலாம். முடிவு குறிக்கும் சிக்கலே இல்லை. ஆனால் காற்று எவ்வளவு குறைந்தாலும் சலுகை அதே விநாடிதான் என்பதால் மந்தக் காற்றில் வேகமான படகுக்கும் பலத்த காற்றில் மெதுவான படகுக்கும் சாதகம். காற்று தளரும் மாலையில் நான் மேலே சொன்ன சாய்வு இங்கே எந்த அளவு ஈடாகும் என்பதை அந்தப் படகுகளை ஓட்டுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புள்ளிக் கணக்கில் இரண்டு முறைக்கும் வேறுபாடு இல்லை. உலக விதிகளின் இணைப்பில் இருக்கும் குறைந்த புள்ளி முறையே போதும்: முதலிடத்துக்கு ஒன்று, இரண்டாமிடத்துக்கு இரண்டு. ஆனால் வாராந்திரத் தொடருக்கு இரண்டு திருத்தம் செய்துகொள்ளுங்கள். நடந்த ரேஸ்களில் ஏறத்தாழ பாதியை மட்டும் எண்ணுங்கள். எல்லா வாரமும் வர முடியாதவர் மூன்றாவது வாரமே மனம் விட்டுவிடக் கூடாது. டியூட்டி பார்த்தவருக்கு அவருடைய சராசரிப் புள்ளியைக் கொடுங்கள். இந்த இரண்டாவது திருத்தம் இல்லாமல் எந்த முறையை வைத்தாலும் பட்டியலில் ஆள் நிற்காது.

அப்புறம், எண் பற்றிய தகராறு. சீசன் நடுவில் ஒருவர் நான்கு வாரம் தொடர்ந்து வென்றால், அவர் எண்ணை மாற்று என்று குரல் எழும். அவர் நன்றாக ஓட்டுகிறார் என்பதுதான் பெரும்பாலும் காரணம். மாட்டிய அட்டையைத் தொடர் முடியும்வரை கழற்றாதீர்கள். முடிவுகளைச் சேர்த்துவைத்து, உண்மையிலேயே அந்த ரகம் உங்கள் தண்ணீரில் வேகமாக ஓடுகிறது என்று தெரிந்தால் அடுத்த தொடருக்கு அரை நிமிடம் கூட்டிப் புது அட்டை அடியுங்கள்.